ஊவா மலைகளில் நிறைவு கண்டோர்

மனிதன் நிறைவை நாடாத காலம் இல்லை. பொருளிலே அது கிட்டும் என்று ஒருவன் எண்ணுகிறான். பதவியிலே கிட்டும் என்று இன்னொருவன். புகழிலே என்று மற்றொருவன். இவை யாவும் வந்த வழியே போய்விடும் இயல்பின என்பதைச் சமயங்கள் அனைத்தும் எடுத்துரைக்கின்றன. கிறிஸ்தவ சமயம் இதனோடு மற்றொன்றையும் வற்புறுத்துகிறது. தன்னை வெறுமையாக்கிப் பிறருக்கு அளிப்பவனே நிலையான நிறைவைப் பெறுகிறான் என்பது அதன் உள்ளக்கிடக்கை. இக்கூற்று மெய்தானா என்று உரைத்துப் பார்ப்பதற்கு இலங்கையின் ஊவா மாகாணத்து வரலாறு ஏற்றதோர் உரைகல்லாகும்.

பதுளை நகரிலே தூய மாற்கு ஆலயம் என்னும் ஆங்கிலிக்கன் தேவாலயம் உண்டு. 1857ஆம் ஆண்டிலே கொழும்பு அத்தியட்சராகிய ஜேம்ஸ் சாப்மன் அதனைப் பிரதிட்டை செய்தார். மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்பவரின் நினைவாக, பல வகுப்பினரான அவருடைய நண்பர்கள் எழுப்பிய ஆலயம் அது. ரொஜர்ஸ் பதுளையிலே அரசாங்கத்தின் உயர் அதிகாரியாய் விளங்கியவர். வீதிகள் அமைத்தவர். ஆயிரத்து நானூறு யானைகளைச் சுட்டு வீழ்த்தினார் என்று பேசப்படுபவர். அதிகாரமும் புகழும் ஒருங்கே வாய்க்கப்பெற்ற அம்மனிதர், 1845ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் தேதி, அப்புத்தளையிலே மின்னல் தாக்கி ஒரு நொடியில் உயிர் நீத்தார். மலையையே ஆண்டவர் போலத் தோன்றியவரின் வாழ்வு அத்துணை எளிதில் முடிந்தது. ஆலயச் சுவரில் உள்ள நினைவுக்கல், வாழ்வின் நிலையாமையை வருவோர்க்கெல்லாம் உணர்த்திக்கொண்டிருக்கிறது.

அக்காலத்திலேயே இம்மலைகளுக்கு வேறொரு கூட்டத்தார் வந்துகொண்டிருந்தனர். அவர்களுக்கு நினைவுக்கல் எதுவும் இல்லை. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்து, கோப்பித் தோட்டங்களை வந்தடைந்த தமிழ்த் தொழிலாளர் அவர்கள். நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். வந்து சேர்ந்தோருக்குக் கிடைத்தது லயத்துக் காம்பராவும் கங்காணியின் கடன் கணக்குமே.

இவர்களிடையே சமயப் பணி புரிவதற்கென 1854ஆம் ஆண்டிலே ஓர் அமைப்புத் தோன்றியது. கிறிஸ்தவப் பற்றுடைய தோட்டத்துரைமார் சிலர் பொருளுதவி செய்ய, சர்ச் மிஷனரி சங்கத்தார் அதனை மேற்பார்வை செய்தனர். ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்பதே அதற்கு இடப்பட்ட பெயர். மனிதனை அவன் பெறும் கூலியைக் கொண்டே அழைத்த அக்காலத்து மனப்பாங்கு அப்பெயரிலேயே வெளிப்படுகின்றது. பிற்காலத்தில் அச்சொல் நீங்கி, ‘தமிழ்த் திருச்சபை மிஷன்’ என்று அது வழங்கலாயிற்று. இம்மாற்றம் சிறியதன்று. கூலி என்ற சொல் இருந்த இடத்திலே திருச்சபை என்ற சொல் வந்து அமர்ந்தது.

இப்பணிக்கென உபதேசிமார் திருநெல்வேலித் திருச்சபையிலிருந்து வந்தனர். திருநெல்வேலியில் அவர்களுக்கு ஊரும் உறவும் இருந்தன. படித்தவர்கள் என்ற மதிப்பும் இருந்தது. அவற்றை விட்டு, மழையும் அட்டையும் நிறைந்த மலைப்பாதைகளில் தோட்டந்தோட்டமாக நடப்பதை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். பகல் முழுவதும் மலையில் உழைத்துத் திரும்பியவர்களை அந்தி வேளையில் லயத்து வாசலிலே சந்தித்தார்கள். வேதத்தை வாசித்துக் காட்டினார்கள், பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார்கள், நோயுற்றோர் பக்கத்திலே அமர்ந்து செபம் செய்தார்கள். தன் பேரைச் சொல்லி அழைத்துப் பேசும் ஒருவரைக் கண்டபோது, பேரேட்டிலே ஓர் எண்ணாய் இருந்தவன் தானும் ஒரு மனிதன் என்பதை உணர்ந்தான்.

எனினும் வரலாற்றை ஆராய்வோர் மற்றொரு பக்கத்தையும் மறைத்தலாகாது. உபதேசியார் தோட்டத்துக்குள் கால் வைப்பதற்குத் துரையின் அனுமதி வேண்டியிருந்தது. ஆகவே, சம்பளத்தைப் பற்றியோ கடனைப் பற்றியோ அவர் உரத்துப் பேச இயலவில்லை. கடனடைத்ததற்குச் சான்றான ‘துண்டு’ இல்லாமல் தொழிலாளி ஒரு தோட்டத்தைவிட்டு மறு தோட்டத்துக்குப் போக முடியாதிருந்த நிலை 1921ஆம் ஆண்டுவரை நீடித்தது. தோட்டத்து மக்களிற் பெரும்பாலோர் மாரியம்மனையும் முனியாண்டியையும் வழிபட்டு, தம் முன்னோர் சமயத்திலேயே நிலைத்திருந்தனர். கிறிஸ்தவர்கள் சிறு தொகையினராகவே இருந்தனர். ஆகவே எண்ணிக்கையை வைத்து அளந்தால், உபதேசிமாரின் உழைப்பு அற்பமாய்த் தோன்றும். அவர்கள் பெற்ற நிறைவு எண்ணிக்கையில் அடங்குவதன்று.

செல்வத்தின் நிலையாமையையும் இம்மலைகள் விரைவிலேயே கண்டன. 1869ஆம் ஆண்டிலே கோப்பி இலைகளில் செம்மஞ்சட் பொடிபோன்ற ஒரு நோய் தோன்றியது. அது இலங்கையில் முதன்முதல் காணப்பட்ட இடங்களுள் ஒன்று ஊவாவின் மடூல்சீமைப் பகுதியாகும். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பிப் பெருஞ்செல்வம் அழிந்தது. எத்தனையோ துரைமார் கையில் ஒன்றுமின்றிக் கப்பலேறினர். கோப்பி இருந்த சரிவுகளிலே தேயிலை தளிர்த்தது. 1890ஆம் ஆண்டில் தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கருகே தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். பயிரும் முதலாளியும் மாறியபோதும், லயங்களிலே விளக்கேற்றிச் செபித்த சிறு சபைகள் மறைந்துபோகவில்லை.

அச்சபைகளுக்கு அதனினும் கடுமையான சோதனை பின்னர் வந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழரிற் பெரும்பான்மையோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. கோயிலில் கூடியவர்களும் ஆலயத்தில் கூடியவர்களும் ஒருங்கே பிரிக்கப்பட்டனர். இத்தகைய காலத்திலே திருச்சபை எந்தப் பக்கம் நிற்கும் என்பதே கேள்வியாயிற்று.

அதற்கு ஒருவர் தம் வாழ்வினால் விடையளித்தார். அவர் கண்டி மறைமாவட்டத்தின் கத்தோலிக்க ஆயராகிய லியோ நாணயக்கார. ஆசீர்வாதப்பர் சபைத் துறவியான அவர் 1959ஆம் ஆண்டு முதல் கண்டியிலே ஆயராயிருந்தவர். 1972ஆம் ஆண்டு டிசம்பரிலே கண்டியிலிருந்து பிரிக்கப்பட்டுப் பதுளை மறைமாவட்டம் உருவாயிற்று. பெருமையும் வசதியும் வாய்ந்த கண்டிப் பீடத்தை விட்டு, ஏழ்மை மிக்க புதிய மறைமாவட்டத்தை அவர் தாமே விரும்பி ஏற்றார். பண்டாரவளையில் ‘சேவக செவண’ என்னும் குருத்துவப் பயிற்சி நிலையத்தை நிறுவினார். குருவாகப் போகும் இளைஞர் சுவர்களுக்குள்ளே மட்டும் கற்றால் போதாது. கிராமத்தாரோடும் தோட்டத்தாரோடும் வாழ்ந்து கற்க வேண்டும் என்பது அவர் கருத்து. 1982ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். பெரும்பதவியை விட்டு இறங்கியவரைத்தான் ஊவா மக்கள் பெரியவராக நினைவுகூர்கின்றனர்.

அந்நிலையத்திலே அவரோடு பணியாற்றியவர் அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த மைக்கல் ரொட்றிகோ அடிகளார். ஐரோப்பாவிலே உயர்கல்வி பெற்றவர், குருமடத்திலே பேராசிரியராயிருந்தவர். 1980ஆம் ஆண்டில் அவர் ஊவாவின் தாழ்நிலமாகிய புத்தல பகுதியிலே, பௌத்தரே வாழ்ந்த ஒரு சிங்களச் சிற்றூரில் எளிய குடிசை அமைத்துத் தங்கினார். அதற்குச் ‘சுப செத் கெதர’ என்று பெயர். எவரையும் மதம் மாற்ற அவர் முயலவில்லை. நிலமிழந்த உழவருக்குத் துணை நின்றார்; மூலிகை மருத்துவத்தை ஊக்குவித்தார்; பௌத்த பிக்குகளோடு நட்புக் கொண்டார். 1987ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் தேதி மாலை, அக்குடிசையிலே திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோது அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு அப்போது வயது அறுபது. ஆபத்து நெருங்குவதை அவர் அறியாதவரல்லர். அறிந்தும் அம்மக்களை விட்டு அகலவில்லை.

மின்னலால் மாண்ட மேஜரையும், துப்பாக்கியால் மாண்ட அடிகளாரையும் ஒப்புநோக்கினால் ஓர் உண்மை புலனாகும். இருவருடைய சாவும் நொடிப்பொழுதில் நேர்ந்ததே. ஆயின் முன்னவரிடமிருந்து மின்னல் எல்லாவற்றையும் பறித்துக்கொண்டது. பின்னவரோ பறிப்பதற்கு ஒன்றும் மிச்சம் வைக்காமல் முன்னரே அனைத்தையும் கொடுத்துவிட்டிருந்தார். பெயர் மறைந்த உபதேசிமாரும், பீடத்தை விட்டு இறங்கிய ஆயரும், குடிசையிலே உயிர் கொடுத்த அடிகளாரும் கண்ட நிறைவு ஒன்றே. பெற்றதைக் காத்துக்கொள்பவனுக்கு இழப்பைப் பற்றிய அச்சம் ஓயாது. கொடுத்துவிட்டவனுக்கோ அவ்வச்சம் இல்லை. ஊவா மலைகளிலே கிறிஸ்தவம் கற்பித்த பாடம் இதுவேயாகும்.