பனிக்கட்டி மேல ஒரு கேரம் போர்டு



2018 பிப்ரவரியில ஒரு நாள் டிவியில சேனல் சேனலா மாத்திட்டே வந்தேன். ஜப்பான்காரப் புள்ளைக நாலு பேரு பனிக்கட்டித் தரையில பெரிய கல்லை வழுக்கி விட்டு, அதுக்கு முன்னாடி வெளக்குமாறு மாதிரி ஒண்ணை வெச்சு அரக்கப் பரக்கத் தேய்ச்சிட்டுப் போறாங்க. அதுக்குப் பேரு கர்லிங். எங்கம்மா எட்டிப் பாத்துட்டு, "ஏங்கண்ணு, இது நம்ம கேரம் போர்டுதான?"ன்னாங்க.

யோசிச்சுப் பாத்தா சரிதானுங்க. அங்க கல்லு சுமார் 19 கிலோ, இங்க ஸ்ட்ரைக்கர் அதிகபட்சம் 15 கிராம். அங்க வழுக்கறதுக்குத் தேய்ப்பு, இங்க போரிக் பவுடர். எதிராளி காயை அடிச்சு விலக்கறது, நம்ம காய்க்குக் காவல் வெக்கறது, நாலு ஆட்டம் தள்ளி யோசிக்கறது எல்லாம் ஒண்ணுதான்.

அந்த டீமை உண்டாக்கினவங்க மாரி மோட்டோஹாஷி. ஹொக்கைடோ தீவுல டோகோரோங்கற மீன்பிடி ஊர்க்காரங்க. 2006, 2010 ரெண்டு ஒலிம்பிக்லயும் வேற டீமுக்கு ஆடிட்டு, 2010ல சொந்த ஊருக்கே திரும்பி வந்து 'லோகோ சொலாரே'ன்னு டீம் ஆரம்பிச்சாங்க. 2018ல வெண்கலம். 2022ல அதே டீமுக்கு வெள்ளி. இத்தனைக்கும் அடிப்படை, 1988ல அந்தச் சின்ன ஊர்ல கர்லிங்குக்குன்னே கட்டின ஒரு மண்டபம். 1998 நாகானோ ஒலிம்பிக்ல இருந்து கர்லிங் விடாம நடக்குது.

இப்பத்தான் கதையே. அதே 1988லதான் சர்வதேச கேரம் சம்மேளனம் ஆரம்பமாச்சு. எங்கீங்க? நம்ம சென்னையில!

1991ல டெல்லியில முதல் உலகப் போட்டி. ஜெயிச்சவர் சென்னைக்காரர் மரிய இருதயம். 1995ல கொழும்புலயும் அவரேதான். தேசியப் பட்டம் மட்டும் ஒன்பது தடவை. 1996க்கான அர்ஜுனா விருது குடுத்தாங்க. கேரமுக்கு அதுதான் முதல் அர்ஜுனா. ஆனா தெருவுல பத்துப் பேரை நிறுத்தி அவரு பேரைக் கேட்டா எத்தன பேரு சொல்லுவாங்க?

அப்புறம் வியாசர்பாடி இளவழகி. மீன்பாடி வண்டிக்காரர் மகள். 2008ல பிரான்ஸ் நாட்டுக் கான் நகரத்துல உலக சாம்பியன். 2024ல அமெரிக்காவுல நடந்த உலகக் கோப்பையில, ஆட்டோ ஓட்டுநர் மகள் காசிமா 17 வயசுல தனிநபர், இரட்டையர், குழுன்னு மூணு தங்கம் அள்ளிட்டு வந்துச்சு. தமிழக அரசு ஒரு கோடி குடுத்துது, சந்தோசம். ஆனா கேரம் இன்னைக்கும் ஒலிம்பிக்ல இல்லை, ஆசிய விளையாட்டுப் போட்டியிலகூட இல்லை.

எங்க உடுமலையில தளி ரோட்டுப் பக்கம் ஒரு அண்ணன் இருந்தாருங்க. நோம்பிக்கு நடக்கற போட்டியில எவர்சில்வர் குடம் எப்பவும் அவருக்குத்தான். "கேரம் போர்டா சோறு போடும்?"னு வீட்டுல திட்டித் திட்டியே திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அனுப்பி வெச்சாங்க. வீட்டைக் குத்தம் சொல்ல முடியாதுங்க, அன்னைக்கு அது சோறு போடலைதான். போன பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தாரு. காசிமாவுக்கு ஒரு கோடி குடுத்த சேதியைச் சொன்னேன். பணத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. "அந்தப் புள்ள எந்த வெரல்ல அடிக்குது தம்பி?"ன்னு மட்டும் கேட்டாரு.

தெறமைக்கு நம்மகிட்டப் பஞ்சமே இல்லீங்க. டோகோரோக்காரங்களுக்கு ஊரே ஒரு கூரை போட்டுக் குடுத்துச்சு. நம்மாளுக திண்ணையிலயும் மன்றத்துலயும் ஆடியே உலகத்தை ஜெயிச்சாங்க. நாலு போர்டும் நாலு லைட்டும் இருக்கற ஒரு மண்டபம், ஊருக்கு ஒண்ணு. இதுக்கென்ன கோடிக்கணக்குலயா ஆகப்போகுது?

உங்க ஊர்லயும் இப்படி ஒரு அண்ணனோ அக்காவோ கண்டிப்பா இருந்திருப்பாங்க. சொல்லிட்டுப் போங்க.