கொடியிலிருந்து ரப்பருக்கு: பஞ்சி ஜம்பிங் வந்த கதை

சாகச விளையாட்டுகளை நிலம், நீர், வானம் என்று மூன்றாகப் பிரிப்பது வழக்கம். பாறை ஏறுதல் நிலத்தில், ராஃப்டிங் நீரில், பாராகிளைடிங் வானத்தில். பஞ்சி ஜம்பிங்கை எதில் சேர்ப்பது? பாலத்தில் ஆரம்பித்து, காற்றில் விழுந்து, ஆற்றுக்கு மேலே தலைகீழாகத் தொங்குகிற ஆட்டம் அது. நியூசிலாந்துக்காரர்கள் கண்டுபிடித்தது என்றுதான் பலரும் சொல்வார்கள். கொஞ்சம் தோண்டினால், கதை பசிபிக் கடலில் இருக்கும் வனுவாட்டு நாட்டின் பெந்தகோஸ்ட் தீவுக்குப் போகிறது.

அங்கே நகோல் என்று ஒரு சடங்கு உண்டு. மரக்கொம்புகளைக் கொடியால் கட்டி 20 முதல் 30 மீட்டர் உயரத்துக்குக் கோபுரம் எழுப்புவார்கள். ஆண்கள் கணுக்காலில் காட்டுக்கொடியைக் கட்டிக்கொண்டு தலைகீழாகக் குதிப்பார்கள். தோள் மண்ணை உரச வேண்டும். அப்போதுதான் வள்ளிக்கிழங்கு நன்றாக விளையும் என்பது நம்பிக்கை. கணவனின் கொடுமைக்குப் பயந்து மரத்தில் ஏறிய ஒரு பெண், காலில் கொடியைக் கட்டிக்கொண்டு குதித்துத் தப்பினாளாம். கொடி இல்லாமல் பின்னாலேயே குதித்த கணவன் செத்துப்போனான். சடங்கு அதிலிருந்துதான் வந்தது என்கிறது அவர்கள் கதை.

இதில் இருக்கும் எஞ்சினியரிங்கைக் கவனியுங்கள். கொடி அவ்வளவாக நீளாது. அதனால் குதிக்கும் மேடையே முறிந்து கீழே சாயும்படி கட்டுகிறார்கள். அதிர்ச்சியில் ஒரு பங்கு அதில் போய்விடும். கீழே மண்ணைக் கொத்தி, கல் பொறுக்கி மிருதுவாக்குகிறார்கள். ஒவ்வொருவரின் உடல்வாகு பார்த்துக் கொடி தேர்ந்தெடுப்பது அனுபவசாலிகளின் வேலை. எல்லாவற்றையும் விட முக்கியம் காலம். மழைக்காலம் முடிகிற ஏப்ரல் முதல் ஜூன் வரைதான் கொடியில் ஈரமும் இழுவையும் இருக்கும்.

1974 பிப்ரவரியில் எலிசபெத் ராணி அங்கே வந்தார். அப்போது அது பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து ஆண்ட நியூ ஹெப்ரிடிஸ். ராணிக்குக் காட்டுவதற்காக, பருவம் வராத நேரத்தில் குதிக்கச் சொல்லி ஊர்க்காரர்களை பிரிட்டிஷ் நிர்வாகம் சம்மதிக்க வைத்தது. கொடி தாங்கவில்லை. குதித்தவர்களில் ஒருவர் அடிபட்டு இறந்துபோனார். அவருக்குத் தைரியம் குறைவா? இல்லை. எந்த மாதத்தில் குதிக்கலாம் என்கிற முடிவு கொடியைப் பற்றித் தெரிந்தவர்கள் கையை விட்டுப் போயிருந்தது, அவ்வளவுதான். எங்கள் சாஃப்ட்வேர் வேலையில், தேதியை மேலிடம் குறித்துவிட்டு டெஸ்டிங்கைப் பிறகு பார்க்கலாம் என்பார்களே, அதே கதை. இங்கே போனது உயிர்.

ஐந்து வருடம் கழித்து, 1979 ஏப்ரல் 1 அன்று, ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த டேஞ்சரஸ் ஸ்போர்ட்ஸ் கிளப் ஆட்கள் நான்கு பேர் பிரிஸ்டல் நகரின் கிளிஃப்டன் தொங்குபாலத்திலிருந்து குதித்தார்கள். தூண்டுதல் பெந்தகோஸ்ட் தீவுதான். ஆனால் கட்டியிருந்தது கொடி அல்ல, ரப்பர் கயிறு. போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. பிறகு நியூசிலாந்தின் ஏ.ஜே. ஹாக்கெட், கயிற்றைப் பலமுறை சோதித்துப் பார்த்துவிட்டு, 1987 ஜூனில் ஈஃபில் கோபுரத்திலிருந்து குதித்தார். அவரும் கைதானார். அடுத்த ஆண்டு நவம்பரில் குவீன்ஸ்டவுன் பக்கத்தில் 43 மீட்டர் உயரக் கவராவ் பாலத்தில் காசு வாங்கிக்கொண்டு ஆட்களைக் குதிக்க விட ஆரம்பித்தார். பஞ்சி ஒரு தொழிலானது அங்கேதான்.

ரப்பர் அப்படி என்ன செய்கிறது? சின்னக் கணக்கு. 20 மீட்டர் விழுந்தால் வேகம் மணிக்குச் சுமார் 70 கிலோமீட்டர். அதை 1 மீட்டருக்குள் நிறுத்தினால், உடம்பின் வேகம் குறையும் வீதம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 20 மடங்கு. இன்னொரு 20 மீட்டர் நீண்டு நிறுத்தினால் சராசரியாக 1 மடங்குதான். தீவுக்காரர்கள் மேடைக்கும் மண்ணுக்கும் பிரித்துக் கொடுத்த வேலையை ரப்பர் தன் நீட்சியாலேயே முடித்துவிடுகிறது.

ஆனால் ரப்பருக்கும் பருவம் உண்டு. வெயில் பட்டும் பலமுறை இழுபட்டும் அது தளரும். எடை அதிகமான ஆளுக்கு மெல்லிய கயிறு போதாது. எடை குறைந்த ஆளுக்குத் தடித்த கயிறு வெடுக்கென்று இழுத்துவிடும். எங்காவது குதிக்கப் போனால், எவ்வளவு உயரம் என்று விசாரிப்பதற்கு முன்னால் இரண்டே கேள்வி கேளுங்கள்: என் எடையைப் பார்த்துத்தான் கயிறு எடுத்தீர்களா? இந்தக் கயிற்றில் இதுவரை எத்தனை பேர் குதித்திருக்கிறார்கள்? பதில் சொல்லத் தடுமாறினால், டிக்கெட் காசு போனாலும் பரவாயில்லை, திரும்பி வந்துவிடுங்கள்.