உதகை வானொலித் தொலைநோக்கியும் தொலைதூரப் பேரடைகளும்

உதகை வானொலித் தொலைநோக்கி, கோயம்புத்தூருக்கு வடமேற்கே, நீலகிரி மாவட்டம் முத்தோரையில் உள்ளது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த கோவிந்த் சுவரூப் தலைமையில் அமைக்கப்பட்ட இது, 1970 ஆம் ஆண்டு செயல்பாட்டுக்கு வந்தது. இதன் நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர்.

இது வடக்கு-தெற்காக அமைந்த மலைச்சரிவில் கட்டப்பட்டது. சரிவின் சாய்வும் அவ்விடத்தின் அகலாங்கும் ஏறத்தாழ 11 பாகை. எனவே தொலைநோக்கியின் அச்சு புவியின் சுழலச்சுக்கு இணையாக அமைகிறது. அந்த ஓர் அச்சில் மட்டும் திருப்பியே ஒரு பேரடையை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பின்தொடரலாம்.

வலிமையான வானொலி அலைகளை உமிழ்பவை பெரும்பாலும் நீள்வட்டப் பேரடைகள். வில்லை வடிவப் பேரடைகள் சிலவும் அவ்வாறு உமிழ்கின்றன. இத்தகைய வானொலி மூலத்தை நிலா மறைக்கும்போது அலைகள் குறையும் விதத்தைக் கொண்டு அதன் கோண அளவு கணிக்கப்பட்டது. மங்கலான மூலங்கள், அதாவது பெரும்பாலும் தொலைவில் உள்ளவை, சிறிய கோண அளவு கொண்டிருந்தன. இம்முடிவுகளைச் சுவரூப்பும் விஜய் கபாகியும் 1975 இல் வெளியிட்டனர். பேரடைகள் காலப்போக்கில் மாறிவந்துள்ளன என்பதை இவை காட்டின. அண்டம் என்றும் ஒரே நிலையில் உள்ளது என்ற மாறா நிலைக் கோட்பாட்டுக்கு எதிராகவும், பெருவெடிப்புக் கோட்பாட்டுக்கு ஆதரவாகவும் இவை சான்றாயின.