வீட்டைக் கட்டிப் பார்... குடி வச்சுப் பார்!

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்னு சொல்லி வச்ச பெரியவங்க மூணாவதா ஒண்ணைச் சொல்லாம விட்டுட்டாங்க. கட்டின வீட்டுக்கு ஆள் குடி வச்சுப் பார்! முதல் ரெண்டும் ஒரு வருஷத்துல முடிஞ்சுரும். மூணாவது சில பேருக்கு ஆயுசு பூரா ஓடும்.

எங்க திண்டுக்கல்லில் இந்தக் கூத்து இன்னிக்கு நேத்து ஆரம்பிச்சதில்லை. 1790ல கர்னல் ஸ்டூவர்ட் மலைக்கோட்டையைப் பிடிச்சாரு. 1792ல திப்புவோட போட்ட ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் திண்டுக்கல் சீமை முறைப்படி கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்துச்சு. அப்போ கம்பெனிதான் வீட்டு ஓனர் மாதிரி. பாளையக்காரர்கள் 'பல தலைமுறையா குடியிருக்கோம், நீ யாருய்யா புதுசா வாடகை கேக்க?'ங்கிற ரகம். நடுவுல வசூல் பண்ணிக் கொடுக்கிறேன்னு குத்தகைதாரர்கள், அதாவது புரோக்கர்கள். முதல் கலெக்டர் மெக்லியோட், அடுத்து வந்த விஞ்ச் ரெண்டு பேரும் இந்த மூணு பேர் சண்டையில் மாட்டி முழி பிதுங்கினாங்க. பிறகு வந்த ஹர்டிஸ்தான் முதல்ல நிலத்தை அளந்து யாரிடம் என்ன இருக்குன்னு கணக்கெடுத்தாரு. அந்த சர்வே முடியவே பல வருஷம் ஆச்சு. அதை வச்சு சீமையைத் துண்டு துண்டா ஜமீன்களாக்கி வித்துப் பார்த்தாங்க. கொஞ்ச வருஷத்துலயே பலதும் பாக்கி விழுந்து கம்பெனி கைக்கே திரும்பி வந்துச்சு. பாக்கி வச்சவனைக் காலி பண்ண பீரங்கியே வச்சிருந்த ஓனருக்கும் நிம்மதி கிடைக்கலை பாருங்க :-)

சரி, வீட்டுக்கு வருவோம்.

1866ல நகராட்சி, 1875ல திருச்சி-மதுரை ரயில் வந்தப்புறம்தான் திண்டுக்கல் 'வாடகை வீடு' தேடுற ஊராச்சு. சுருட்டுக் கம்பெனி, தோல் ஷாப், பூட்டுப் பட்டறை... சுத்துப்பட்டு கிராமத்திலேர்ந்து வேலைக்கு வந்த ஜனம் தங்கணுமே. ஒரே வாசல், நடுவுல கிணறு, ரெண்டு பக்கமும் வரிசையா ஒரு ரூம் ஒரு அடுப்படின்னு லைன் வீடுகள் முளைச்சுச்சு. பேகம்பூர், நாகல் நகர் பக்கம் சந்துகளுக்குள்ள நடந்து போனா அந்த மாதிரி அமைப்பை இன்னும் பார்க்கலாம்.

நம்ம பக்கத்துல இன்னொரு பழக்கமும் உண்டு: ஒத்தி. மொத்தமா ஒரு தொகையை ஓனர்கிட்ட கொடுத்துட்டுக் குடியேறிரணும். வாடகை கிடையாது, கொடுத்த பணத்துக்கு வட்டியும் கிடையாது. காலி பண்ணும்போது அசல் திரும்ப வரும். கேக்க ஜோரா இருக்கும். சட்டப்படி இது குத்தகையே இல்லை, அனுபவ அடமானம். 1882 சொத்து மாற்றுச் சட்டப்படி நூறு ரூபாய்க்கு மேல் போனால் பதிவு பண்ணியே ஆகணும். நம்மாளுங்க பாதிப்பேர் ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதி மடிச்சு பீரோவுல வச்சுருவாங்க. வாங்கின பணம் ஓனர் மகள் கல்யாணத்துல கரைஞ்சிருக்கும். மூணு வருஷம் கழிச்சு ஒத்திக்காரர் 'பணத்தைக் கொடு, காலி பண்றேன்'பாரு. ஓனரு 'அடுத்த ஒத்திக்காரன் வந்தாத்தான் பணம்'பாரு. அடுத்தவனோ 'வீடு காலியானாத்தான் பணம்'பான். இந்த முக்கோணத்துக்கு இன்னிவரைக்கும் யாரும் விடை கண்டுபிடிக்கலை.

இப்போ மெயின் மேட்டர். வாடகைக் கட்டுப்பாடு யார் ஐடியா? உலகப் போர் ஐடியா!

1915ல ஸ்காட்லாந்து கிளாஸ்கோ நகரம். ஆம்பளைங்க போர்முனையில் நிக்கிறாங்க, ஆயுதத் தொழிற்சாலைக்கு வந்த கூட்டத்தால் வீட்டுக்கு டிமாண்ட், ஓனர்கள் வாடகையை ஏத்துறாங்க. மேரி பார்பர்னு ஒரு அம்மா தலைமையில் பெண்கள் திரண்டு வாடகை தர மாட்டோம்னு உக்காந்துட்டாங்க. காலி பண்ண வந்த ஆளுங்களைத் தெருவுலயே மறிச்சு விரட்டினாங்க. அந்த வருஷக் கடைசியிலேயே பிரிட்டிஷ் அரசு வாடகையை உறைய வச்சு சட்டம் போட்டுச்சு. 1918ல பம்பாய் அதே பாணியில் சட்டம் கொண்டு வந்துச்சு.

சென்னை மாகாணத்துக்கு இது வந்தது ரெண்டாம் உலகப் போரில். 1941ல இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வந்துருவான்னு சென்னையே காலியாகி ஜனங்க உள்நாட்டு ஊர்களுக்கு ஓடினாங்க. ஹைகோர்ட்டே கோயம்புத்தூருக்கு ஜாகை மாறுச்சுன்னா பார்த்துக்குங்க. போர் முடிஞ்சும் வீட்டுப் பஞ்சம் முடியலை. தற்காலிக ஆணை 1946ல சட்டமாச்சு. 1949ல இன்னொரு சட்டம். 1960ல, காமராஜர் ஆட்சியில், சட்டம் எண் 18: கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம். போருக்காக வந்த அவசர வைத்தியம் கடைசியில் 2019 வரை ஓடுச்சு. 'தற்காலிகம்'ங்கிற வார்த்தையை அரசாங்கம் சொன்னா ஜாக்கிரதையா இருக்கணும்.

இந்த 1960 சட்டத்தைக் கொஞ்சம் நிதானமாப் பார்க்கணும். ஏன்னா ரெண்டு தலைமுறை வீட்டுக்காரர்-குடித்தனக்காரர் உறவே இதுக்குள்ளதான் நடந்துச்சு.

வீடு காலியானா ஏழு நாளைக்குள்ள ஓனர் அதிகாரிக்கு எழுதித் தெரிவிக்கணும். அரசு ஊழியருக்குத் தேவைன்னா அரசாங்கம் எடுத்துக்கலாம். நம்ம வீட்டுக்கு நாமே ஆள் பார்க்க முடியாத காலம் ஒண்ணு இருந்துச்சு.

அட்வான்ஸ்? சட்டத்துல ஒரு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாது. தமிழ்நாடு முழுக்க அஞ்சு மாசம் பத்து மாசம்னு வாங்கினோமே, அத்தனையும் சட்டத்துக்குப் புறம்பு. ரசீது கேட்டா முறைக்கிற ஓனர்கள் ஏன் முறைச்சாங்கன்னு இப்போ புரியுதா?

வாடகையை வேணும்னே வாங்க மறுத்து, பிறகு 'பாக்கி வச்சுட்டான்'னு கேஸ் போடுறது ஓனர்களோட பழைய தந்திரம். அதுக்கு எட்டாவது பிரிவு மருந்து வச்சுது. முதல்ல 'எந்த பேங்க்ல கட்டணும்'னு ஓனருக்கு நோட்டீஸ். பத்து நாள்ல பதில் இல்லைன்னா மணியார்டர், அதுவும் கமிஷனைக் கழிச்சுக்கிட்டு! அதையும் திருப்பி அனுப்பினா அதிகாரிகிட்ட டெபாசிட். அந்தக்காலத்துல மூணாம் வீட்டுக்காரருக்கு மணியார்டர் வந்தா தெருவே புரிஞ்சுக்கும், 'ஓ, சண்டை ஆரம்பிச்சுருச்சு'ன்னு. ஒரே காம்பவுண்டுக்குள்ள இருக்கிற ஓனருக்கும் குடித்தனக்காரருக்கும் நடுவுல தபால்காரர் தூது!

குடித்தனத்தை எழுப்ப ஓனருக்கு இருந்த வழிகள் கொஞ்சம்தான். சொந்தத் தேவை, உள்வாடகை, இடிச்சுக் கட்டுறது (ஒரு மாசத்துல இடிக்க ஆரம்பிச்சு மூணு மாசத்துல முடிக்கிறேன்னு உறுதிமொழி தரணும்), இப்படி. முக்கியமானது 'வில்ஃபுல் டிஃபால்ட்'. பாக்கி வச்சா மட்டும் பத்தாது, வேணும்னே வச்சிருக்கணும். மனசுக்குள்ள இருக்கிற வேணும்னேயை எப்படி நிரூபிக்கிறது? 1973 திருத்தத்துல ஒரு விளக்கம் சேர்த்தாங்க: ரெண்டு மாச நோட்டீஸ் கொடுத்தும் கட்டலைன்னா அது வேணும்னேதான். அந்த விளக்கத்துக்கு என்ன விளக்கம்னு சண்டை உச்ச நீதிமன்றம் வரை போச்சு. 1985ல சுந்தரம் பிள்ளை வழக்குன்னு சொல்வாங்க. நோட்டீஸ் கொடுத்தும் கட்டலைன்னா மேற்கொண்டு பேச்சில்லை, நோட்டீஸே கொடுக்கலைன்னா சூழ்நிலையைப் பார்த்து கோர்ட் முடிவு பண்ணும்னு சொன்னாங்க. மூணு நீதிபதிகள்ல ஒருத்தர் இதை ஒத்துக்கலை. சுப்ரீம் கோர்ட்டுக்கே அவ்வளவு சிக்கலான விஷயத்தை ரெண்டு ரூம் வீட்டு ஓனர் புரிஞ்சு நடக்கணும்.

இதெல்லாம் எனக்கு ஏன் இத்தனை அத்துப்படின்னா, எங்க பெரியம்மாவால். பெரியப்பா போனப்புறம் அவங்களுக்கு மாச வருமானமே ரெண்டு போர்ஷன் வாடகைதான். ஒரு புரோக்கர் (பேர் வேண்டாம்) 'தங்கமான மனுஷங்க'ன்னு ஒரு குடும்பத்தைக் கொண்டு வந்தாரு. ரெண்டு பக்கமும் ஒரு மாச வாடகை கமிஷன் வாங்கிட்டுப் போனவரை அப்புறம் டீக்கடையில்கூடப் பார்க்க முடியலை. தங்கம் ஆறு மாசம் மின்னுச்சு. ஏழாவது மாசத்துலேர்ந்து வாடகை வரலை. பெரியம்மா போய்க் கேட்டா, 'அட்வான்ஸ்ல கழிச்சுக்குங்க'. அட்வான்ஸ் தீர்ந்தப்புறம், 'கோர்ட்டுல பாத்துக்குங்க'.

பார்த்தோம். ஆர்.சி.ஓ.பி. நம்பர் ஆச்சு. நம்ம மாதிரி ஊர்கள்ல முன்சீப்தான் ரென்ட் கண்ட்ரோலர். அவர் தீர்ப்புக்கு மேல சப் கோர்ட்டில் அப்பீல், அதுக்கு மேல ஹைகோர்ட்டில் ரிவிஷன். 2004 ஜூலையில் மதுரைக் கிளை திறந்ததால் பெரியம்மாவுக்கு சென்னைக்கு ரயில் செலவு மிச்சம். 'வாடகை பாக்கியைக் கட்டினாத்தான் வாதாட முடியும்'னு பதினோராவது பிரிவு இருக்கு. வக்கீல் அந்த மனுவைப் போட்டப்புறம்தான் எதிர்த்தரப்பு கொஞ்சம் அசைஞ்சுச்சு. எல்லாம் முடிய எட்டு வருஷம். கடைசி நாள் கோர்ட் அமீனா வந்தப்போ வீட்டுல ஆளில்லை, வாசல்ல பூட்டு. அதுவும் அசல் திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு! உடைக்க ஆள் பிடிக்கவே மத்தியானம் ஆயிருச்சு. நம்ம ஊர்ப் பெருமையை அன்னிக்கு மட்டும் பெரியம்மா ரசிக்கலை.

இன்னொரு பக்கமும் சொல்லணும். அதே தெருவில் இன்னொரு ஓனர், குடித்தனத்தைக் கிளப்ப மோட்டார் சுவிட்சைப் பூட்டி வச்சுட்டு ஊருக்குப் போயிருவாரு. திண்டுக்கல் தண்ணிக் கஷ்டம் ஊரறிஞ்சது. ஆத்தூர் டேம் வறண்ட வருஷத்துல குழாயில் தண்ணி வர்ற நாளை விரல் விட்டு எண்ணலாம். அங்க போய் தண்ணியை நிறுத்துறது அடிக்கிறதைவிட மோசம். 1960 சட்டத்தோட பதினேழாவது பிரிவே இதுக்குத்தான், வசதிகளை நிறுத்தக் கூடாதுன்னு. ஆனா குடத்தோட நிக்கிற பொம்பளைக்கு இன்னிக்குத் தண்ணி வேணும், அடுத்த மாச வாய்தா வேண்டாம்.

இன்னொரு வேடிக்கை, இந்தச் சட்டம் சென்னைக்கும் நகராட்சிகளுக்கும்தான். நகராட்சி எல்லையைத் தாண்டி பஞ்சாயத்துப் பக்கம் போனா, அரசாங்கம் தனியா அறிவிச்சாத்தான் செல்லும். இல்லைன்னா சொத்து மாற்றுச் சட்டம் 106வது பிரிவு, பதினஞ்சு நாள் நோட்டீஸ், நேரா சிவில் கேஸ். ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் ஒரு சட்டம்.

பணக்கார வீட்டுக் கதை தனி. மாச வாடகை 400 ரூபாய்க்கு மேல இருக்கிற குடியிருப்பு வீட்டுக்கு இந்தச் சட்டப் பாதுகாப்பு கிடையாதுன்னு 1973ல வச்சாங்க. கடைகளுக்கு அந்த வரம்பு இல்லை. ஆக, ஜவுளிக்கடை முதலாளிக்குப் பாதுகாப்பு, 450 ரூபாய் வாடகை கட்டுற குமாஸ்தாவுக்கு இல்லை! விலைவாசி ஏற ஏற 400ங்கிறது ஏழை வாடகையாவே ஆயிருச்சு. 1986ல ரத்தன் ஆர்யா வழக்கில் உச்ச நீதிமன்றம், சமத்துவத்துக்கு விரோதம்னு அந்த விதியையே தூக்கிருச்சு. குடித்தனக்காரருக்கு நல்ல தீர்ப்பு. ஆனா அதுவரைக்கும் 'நமக்கு ரென்ட் கண்ட்ரோல் இல்லை'ன்னு நம்பி வீட்டை விட்டவங்க ராத்திரியோட ராத்திரியா அதுக்குள்ள வந்து விழுந்தாங்க.

இலங்கையில் இதைவிட அதிரடி. 1972ல வாடகைச் சட்டம், 1973ல வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம். வரம்புக்கு மேல இருக்கிற வீட்டைக் குடியிருக்கிறவரே வாங்கிக்கலாம்னு வழி பண்ணினாங்க. கொழும்பில் வாடகைக்குப் போனவர் வீட்டுக்காரரா மாறின கதைகள் அப்படி வந்ததுதான். நம்ம ஊர்லயும் ஒரு தம்பி உண்டு. 1921 நகரக் குடித்தனக்காரர் பாதுகாப்புச் சட்டம். காலி மனையை வாடகைக்கு எடுத்து சொந்தச் செலவில் கட்டடம் போட்டவர், அந்த மனையையே விலைக்குக் கொடுக்கச் சொல்லி கோர்ட்டைக் கேக்கலாம். சென்னைக்காக வந்தது பிறகு மத்த ஊர்களுக்கும் பரவுச்சு. கோயில் மனைகளை 1996 திருத்தத்துல இதுலேர்ந்து விலக்கிட்டாங்க.

கடைசியா புதுச் சட்டம். 2017ல நிறைவேறி 2019 பிப்ரவரி 22 முதல் அமல். பழைய 1960 சட்டம் அதோட காலி. வாடகை இவ்வளவுதான்னு யாரும் கட்டிப்போட மாட்டாங்க, ரெண்டு பேரும் எழுதிக்கிறதுதான் வாடகை. ஆனா எழுதியே ஆகணும், எழுதினதை வாடகை அதிகாரிகிட்ட பதியணும். வேற மாதிரி ஒப்பந்தம் இல்லைன்னா டெபாசிட் மூணு மாச வாடகைக்கு மேல கூடாது. இதுக்கு நடுவுல 2021ல மத்திய அரசு ஒரு மாதிரிச் சட்டம் அனுப்புச்சு. அதுல வீட்டுக்கு ரெண்டு மாசம்தான்.

நம்ம ஆளுங்க பழைய பழக்கம் பதினோரு மாச அக்ரிமென்ட். ஒரு வருஷத்துக்கு மேல போனா 1908 பதிவுச் சட்டப்படி ரிஜிஸ்டர் பண்ணணும், அதைத் தப்பிக்க வந்த வழி அது. புதுச் சட்டத்துல பதினோரு மாசமானாலும் தப்பிக்க முடியாது. புரோக்கர்கள் இன்னும் அதே பழைய மாதிரிப் படிவத்தை ஜெராக்ஸ் எடுத்து, பேரையும் தேதியையும் மட்டும் நிரப்பித் தர்றாங்க. சிலதுல இன்னும் 1960 சட்டத்தோட பேரே இருக்கு, நானே பார்த்தேன். இதுல வில்லங்கம் என்னன்னா, முறையான ஒப்பந்தம் போடலைங்கிறதே புதுச் சட்டத்தோட 21(2)(அ) பிரிவில் வீட்டைக் காலி பண்ணச் சொல்ல ஒரு காரணம். ஒழுங்கா மாசாமாசம் வாடகை கட்டிட்டு, ஓனரை நம்பிக் கையெழுத்து இல்லாம முப்பது வருஷமா இருக்கிற ஆளுதான் அதுல முதல்ல மாட்டுவாரு. அப்படி ஒருத்தர் பெரியம்மாவோட ரெண்டாவது போர்ஷன்லயே இருக்காரு. போன மாசம்தான் ரெண்டு பேரையும் உக்கார வச்சுக் கையெழுத்து வாங்கினோம்.