கணவாயும் நாலு மெகாபைட்டும்

பழைய சிடி டப்பாவைக் கிளறியபோது 2003-ம் வருஷத்து பேக்கப் ஒன்று அகப்பட்டது. புனே ஆபீஸில் நான் மேய்த்துக்கொண்டிருந்த ப்ராக்ஸி சர்வரின் கான்ஃபிக் ஃபைலும் அதில் இருந்தது. இதற்குப் போய் ஒரு மனுஷன் கண் கலங்குவானா என்று தங்கமணி கேட்டார். ஆகவே மக்களே, கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

பொட்டி தட்டாத வீட்டுக்காரர்களுக்காக ஒரு வரி. ஆபீஸில் அறுபது கம்ப்யூட்டர், வெளியே போக ஒரே ஒரு 128 கிலோபிட் லைன். நடுவில் ஒரு பொட்டி உட்கார்ந்து எல்லாருக்கும் பதிலாக அதுவே வெளியே போய்ப் பக்கத்தை வாங்கி வரும், ஒரு நகலைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். அடுத்தவர் அதே பக்கத்தைக் கேட்டால் நகலைக் கொடுத்துவிடும். அதுதான் ப்ராக்ஸி. எங்களுடையது ஸ்க்விட், 2.4-ம் பதிப்பு.

ஸ்க்விட் என்றால் கணவாய் மீன். எங்கள் செக்ஷனில் இருந்த தூத்துக்குடி அண்ணாச்சிக்கு இந்தப் பெயரில் ஒரே சந்தோஷம். அந்த வருஷம்தான் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. போட்டோ எடுத்து ஊரில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த மச்சினருக்கு வெப்மெயிலில் அனுப்பப் பார்த்தார். "கோரிக்கை மிகப் பெரியது" என்று ஒரு பக்கம் வந்தது. அடியில் நிர்வாகியைத் தொடர்பு கொள்ளவும் என்று இருந்தது. அந்த நிர்வாகி அடியேன்.

"என்ன தம்பி, ஊர்ல அம்மா பேத்தியப் பாக்கணுங்காவ. உங்க பொட்டி படம் பெருசுங்குது?"

"கம்பெனி ரூல் அண்ணாச்சி" என்றேன். அவரும் நம்பிவிட்டார். ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு கூரியரில் அனுப்பினார்.

அது கம்பெனி ரூல் இல்லை. அப்புறம் அந்த ஃபைலை முதல் முறையாக முழுசாகப் படித்தபோதுதான் தெரிந்தது. மேலே அனுப்பும் கோரிக்கை 1 மெகாபைட்டைத் தாண்டக்கூடாது என்பது 2.4 பதிப்போடு கூடவே வந்த டிஃபால்ட். இன்ஸ்டால் பண்ணியவன் நான். தொடாமல் விட்டவனும் நான்.

சரி, இந்த எண்ணெல்லாம் எங்கிருந்து வந்தது? 1994-ல் ஸ்விட்சர்லாந்தின் செர்ன் ஆய்வகத்து வெப் சர்வரிலேயே ப்ராக்ஸி வேலையும் சேர்ந்து வந்தது. அரி லுவோடோனனும் கெவின் ஆல்டிஸும் அந்த வருஷம் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். ஃபயர்வாலுக்குள் இருப்பவர்கள் வெளியே எட்டிப் பார்க்க ஒரு ஜன்னல் வேண்டும், அதுதான் முதல் தேவை. நகல் வைப்பது கூடவே கிடைத்த லாபம். அடுத்து அமெரிக்காவில் ஹார்வெஸ்ட் என்ற ஆராய்ச்சித் திட்டம், அரசுப் பணத்தில். அதன் கேஷ் நிரல் ஒரு பக்கம் வியாபாரச் சரக்காகப் போனது. இன்னொரு பக்கம் கொலராடோவின் போல்டரில் ட்வேன் வெஸ்ஸல்ஸ் அதை இலவசமாகவே தொடர்ந்தார். தேசிய அறிவியல் அறக்கட்டளை பணம் கொடுத்தது. 1996 ஜூலையில் ஸ்க்விட் 1.0 வந்தது. நம்மில் பலர் பிரவுசரில் தட்டித் தட்டி மனப்பாடமான 3128 என்ற போர்ட் நம்பர், ஹார்வெஸ்ட் வீட்டுச் சீதனம்.

அந்தக் காலத்துப் பொட்டிகளை நினைத்துப் பாருங்கள். 32 மெகாபைட் மெமரி இருந்தாலே ராஜா. அதனால் நகல்களை மெமரியில் வைத்துக்கொள்ள 8 மெகாபைட். டிஸ்கில் 100 மெகாபைட். அந்த நூறுக்கு 16 ஃபோல்டர், ஒவ்வொன்றுக்குள்ளும் 256, ஆக 4096 அறைகள்! சராசரி நகல் 13 கிலோபைட் என்று ஸ்க்விட்டே ஒரு கணக்கு வைத்திருக்கும். அந்தக் கணக்குப்படி எட்டாயிரம் நகல்கூட கொள்ளாது. பெரும்பாலான அறைகள் முகூர்த்தம் இல்லாத நாளில் கல்யாண மண்டபம் மாதிரி காலியாகக் கிடக்கும்.

இதில் முக்கியமானது 4 மெகாபைட் வரம்பு. அதைவிடப் பெரிய ஃபைலை ஸ்க்விட் வாங்கிக் கொடுக்கும், ஆனால் நகல் வைக்காது. நியாயம்தான். ஒரு 4 மெகாபைட் ஃபைல் உள்ளே வந்தால் முந்நூறு சின்னப் பக்கங்கள் வெளியே போக வேண்டும். போல்டரில் 1996-ல் உட்கார்ந்து யோசித்தால் நானும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

ஆனால் புனேயில் 2003-ல் கணக்கே வேறு. இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்ததே 1995 ஆகஸ்ட் 15-ல், விஎஸ்என்எல் வழியாக. தனியாருக்குக் கதவு திறந்தது 1998 நவம்பரில். அதற்கப்புறமும் லைன்தான் தங்கம், டிஸ்க் வெறும் தகரம். எங்கள் ஆன்டிவைரஸ் அப்டேட் 5 மெகாபைட். நகல் இருந்தால் ஒரே தடவை, ஐந்தே கால் நிமிஷம். ஒரு மெகாபைட் அதிகமாகப் போனதால் அறுபது மெஷினும் தனித்தனியாக இழுத்தன. அது ஐந்து மணி நேரத்துக்கும் மேல். வேலை நாளில் பாதிக்கு மேல் ஆபீஸ் லைன் அதற்கே போனது. நெட் ஸ்லோ என்று சர்வீஸ் கொடுத்தவரைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

கல்லூரிக்காரர்கள் பாடு இன்னும் மோசம். அவர்கள் முட்டியது 1024 என்ற எண்ணில். ஒரு ப்ரோகிராம் ஒரே சமயத்தில் திறந்து வைக்கக்கூடிய இணைப்பு, ஃபைல் எல்லாவற்றுக்கும் சேர்த்து லினக்ஸ் கொடுத்த டிஃபால்ட் அது. கேட்பவர் பக்கம் ஒன்று, வெப்சைட் பக்கம் ஒன்று, டிஸ்கில் ஒன்று என்று ஒரு கோரிக்கைக்கே மூன்று போகும். சுமார் 340 பேர் ஒன்றாகக் கேட்டால் கதை முடிந்தது. அதை உயர்த்த ஸ்க்விட்டையே திரும்ப கம்பைல் செய்ய வேண்டியிருந்தது. ராத்திரி ஹாஸ்டலே ரிசல்ட் பார்க்கும் நேரத்தில் கணவாய் கையை விரித்துவிடும்!

எழுதியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒவ்வொரு எண்ணுக்கும் மேலே பத்தி பத்தியாக விளக்கம் இருந்தது. யாரையும் உள்ளே விடாதே என்பதையும் டிஃபால்ட்டாக வைத்திருந்தார்கள். அது தொந்தரவுதான். ஆனால் அந்த ஒரு வரி பல ஆபீஸ்களின் மானத்தைக் காப்பாற்றியது. ஊரெல்லாம் திறந்து கிடந்த ப்ராக்ஸிகளை ஸ்பாம்காரர்கள் சூறையாடிய காலம் அது.

எண்கள் மெதுவாக மாறின. 2.5 பதிப்பில் அந்த 1 மெகாபைட் வரம்பு 0 ஆனது, அதாவது வரம்பே இல்லை. 2010-ல் வந்த 3.1-ல் மெமரி 8-லிருந்து 256 ஆனது. அதற்குள் ஆட்டமே மாறிவிட்டது. அதே 2010 ஜனவரியில் ஜிமெயில் எல்லாருக்கும் எச்டிடிபிஎஸ் என்று ஆக்கியது. 2015-ல் லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசச் சான்றிதழ் கொடுக்க ஆரம்பித்தது. பூட்டிய பெட்டியை ப்ராக்ஸி சுமந்து போகலாம், திறந்து நகல் எடுக்க முடியாது. அந்த 4 மெகாபைட் மட்டும் இன்றைய ஸ்க்விட் ஆவணத்திலும் அப்படியே இருக்கிறது.

சிடியில் இருந்த ஃபைலில் நான் திருத்திய இடங்கள் இரண்டு. 4-ஐ 64 ஆக்கியிருக்கிறேன். 1-ஐ 10 ஆக்கியிருக்கிறேன். திருத்திய அன்று அண்ணாச்சியிடம் "மேனேஜ்மென்ட்ல பேசி மாத்திட்டேன்" என்றேன். அவர் எனக்கு மக்ரூன் வாங்கிக் கொடுத்தார். நானும் சாப்பிட்டேன். அந்தப் பாப்பா இப்போது காலேஜ் முடித்துவிட்டாள். அண்ணாச்சி, இதைப் படித்தால் ஒரு போன் போடுங்க. நேரில் சொல்லிடறேன்.