நிலக்கடலையும் ஒரு பூசணமும்

சிவகாசியில் தீப்பெட்டியும் பட்டாசும் தழைத்தமைக்கு வறண்ட காற்று பெருந்துணை என்பதை நீங்கள் அறிவீர்கள். மழை அரிதான ஊரில் மருந்து விரைவில் காயும். ஆனால் அதே வறட்சி, அவ்வட்டாரத்துச் செவல் நிலத்தில் விளையும் நிலக்கடலைக்கு நன்மை செய்வதில்லை. அதன் வரலாற்றையே இன்று சொல்ல வந்தேன்.

நான் சிறுவனாயிருந்தபோது விருதுநகரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் பாட்டி கடலை புடைப்பார். சூம்பிய பருப்பையும் பூசணம் பூத்த பருப்பையும் ஒதுக்கிவைப்பார். ஒதுக்கியது குப்பைக்குப் போகாது; செக்குக்குப் போகும். எண்ணெய் விளக்குக்கு, பிண்ணாக்கு பசுவுக்கு. சிக்கனமான குடும்பம்! அதில் தீங்கு இருக்குமென்று யாரும் எண்ணவில்லை.

உலகம் விழித்துக்கொண்டது 1960இல். அவ்வாண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. காரணம் விளங்காமையால் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்றனர். தீவனத்தை ஆராய்ந்தபோது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கு அகப்பட்டது. அதில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூசணம் நஞ்சு சுரந்திருந்தது. பூசணத்தின் பெயரைக் கொண்டே அந்நஞ்சுக்கு அஃபிளாடாக்ஸின் என்று பெயர் சூட்டினர். அது ஈரலைக் கெடுப்பது, புற்றுநோயும் விளைப்பது.

நம் நாட்டில் 1974இல் இராஜஸ்தானத்துப் பன்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமகால் பகுதிகளில், மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்ட ஏழை மக்கள் மஞ்சட்காமாலைக்கு ஆளாயினர். பதிவான 397 நோயாளிகளுள் 106 பேர் இறந்தனர்.

ஈரந்தானே குற்றவாளி, வறண்ட சீமையில் அச்சமென்ன என்பீர்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். பூசணமோ மண்ணிலேயே குடியிருக்கிறது. காய் முற்றும் கடைசி வாரங்களில் மழையின்றி நிலம் கொதித்தால், பருப்பு தன் எதிர்ப்பாற்றலை இழக்கிறது. பூசணம் உள்ளே நுழைந்துவிடுகிறது. அறுவடைக்குப் பின் சரியாகக் காயாவிட்டால் கிடங்கிலும் பெருகுகிறது.

இதற்கு அமெரிக்க நாட்டு அரிசோனாவின் பருத்தி வயல்களில் பீட்டர் காட்டி என்னும் அறிஞர் ஒரு வழி கண்டார். அதே பூசணத்தில் நஞ்சு சுரக்கத் தெரியாத வகையும் உண்டு. அதைத் தானியத்தில் ஏற்றி வயலில் தூவினால், அது முந்திக்கொண்டு இடம் பிடிக்கிறது, நஞ்சுவகை ஒதுங்கிப்போகிறது. 2003இல் அது அங்கே முறைப்படி பதிவாயிற்று. நம் உழவர்கள் வேரழுகலைத் தடுக்கக் கடலை விதையில் கலக்கும் டிரைக்கோடெர்மாவும் பூசணத்தைப் பூசணத்தால் வெல்லும் உபாயமே.

இன்னொன்று. பிண்ணாக்கிலுள்ள இந்நஞ்சு சற்றே உருமாறிப் பசுவின் பாலிலும் வெளிப்படும் என்று பின்னர்த் தெரிந்தது. பாட்டி புடைத்து ஒதுக்கிய பருப்பு, செக்கையும் தொழுவத்தையும் கடந்து, மறுபடி எங்கள் குவளைக்கே வந்திருக்கக்கூடும்.