மலை மண்ணைத் தின்ற மத்தி

காவிரியில் வெள்ளம் வந்து கொள்ளிடத்தைத் திறந்துவிட்டா, மறுநாளே ஒரு தலைப்புச் செய்தியைப் பார்ப்போம்: "வீணாகக் கடலில் கலக்கும் தண்ணீர்". கட்சி வித்தியாசம் இல்லாம எல்லாரும் சொல்ற வரி இது. வயல் காயும்போது அந்த ஆதங்கம் நியாயம்தான். ஆனா "வீண்"ங்கிற சொல்லுக்குள்ள ஒரு கணக்கு இருக்கு: கடலைத் தொட்டதும் ஆத்தோட வேலை முடிஞ்சு போச்சு, கடலுக்கு ஆறு தேவையில்லை. இந்தக் கணக்கை ஒரு நாடு கிட்டத்தட்ட முழுசா செஞ்சே பார்த்துச்சு. இந்த எபிசோடு அந்தக் கதைதான். நாடு எகிப்து, ஆறு நைல்.

நைல்னு சொன்னதும் நமக்குப் பாலைவனமும் பிரமிடும்தான் ஞாபகம் வரும். ஆனா வருஷா வருஷம் எகிப்தை நனைச்ச வெள்ளம் எத்தியோப்பிய மலைகளில் பெய்த மழை. நமக்குத் தென்மேற்குப் பருவமழை பெய்யிற அதே மாசங்கள்ல அங்கேயும் கொட்டித் தீர்க்கும். நம்ம தக்காணப் பீடபூமி மாதிரியே அந்த மலைகளும் எரிமலைக் குழம்பு உறைஞ்சு உருவானவை. அந்தக் கரும்பாறை மண்ணை மழை கரைச்சு எடுக்கும். நீல நைல், அத்பாரா என்ற ரெண்டு ஆறுகளும் அதை வடக்கே சுமந்துட்டுப் போகும். வருஷத்துக்கு 10 கோடி டன்னுக்கு மேல வண்டல்!

கிமு 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் ஒரு விஷயத்தைப் பதிவு செஞ்சிருக்கார். எகிப்துக் கரைக்கு இன்னும் ஒரு நாள் கப்பல் பயணம் பாக்கி இருக்கும்போதே, ஆழம் பார்க்கிற கயிற்றைக் கடலில் இறக்கினா சேறு ஒட்டிக்கிட்டு வருமாம். அதாவது, எத்தியோப்பிய மலையோட ஒரு துளி நடுக்கடலில் கையில் ஒட்டுது.

அந்தச் சேறு கடலுக்கு என்ன கொடுத்துச்சு? மத்தியதரைக் கடலோட கிழக்குப் பகுதி ரொம்பத் தெளிவான நீலம். பார்க்க அழகு. ஆனா தெளிவா இருக்குன்னா, அந்தத் தண்ணியில் சத்து குறைவுன்னு அர்த்தம். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை நைல் வெள்ளம் பாஸ்பரஸ், நைட்ரஜன், சிலிக்கா எல்லாத்தையும் கொண்டுவந்து கொட்டும். டையாட்டம்னு ஒரு நுண்பாசி இருக்கு. அதுக்குக் கண்ணாடி மாதிரி ஒரு ஓடு. அந்த ஓட்டைக் கட்டிக்க சிலிக்கா வேணும். வெள்ளம் வந்ததும் அந்தப் பாசி பெருகும், அதைத் தேடி மத்தி மீன் கூட்டம் கூட்டமா கரையோரம் வரும். நம்ம ஊர்ல சாளைன்னும் சொல்வோமே, அந்த இனம்தான். மலையில் மழை பெஞ்சா கடல்ல வலை நிறையும்.

1902இல் பிரிட்டிஷார் அஸ்வானில் முதல் அணையைக் கட்டினாங்க. அப்பவும் இந்தத் தொடர்பு அறுந்துபோகல. ஏன்னா அந்த அணையில் 180 மதகுகள் இருந்துச்சு. வெள்ளம் சேறாக வரும்போது மதகுகளைத் திறந்து விட்டுடுவாங்க. வெள்ளம் வடிஞ்சு தண்ணி தெளிஞ்ச பிறகுதான் தேக்குவாங்க. இல்லன்னா அணையே சேறால தூர்ந்து போயிடும்.

நாசர் காலத்துல வந்த அஸ்வான் உயர் அணை வேற ரகம். 1960இல் சோவியத் உதவியோட வேலை ஆரம்பிச்சுது. மொத்த வெள்ளத்தையும் பிடிச்சு வைக்கணும் என்பதுதான் திட்டம். அணைக்குப் பின்னாடி சுமார் 500 கிலோமீட்டர் நீளத்துக்கு ஏரி. அவ்வளவு நீள ஏரியில் ஆறு வேகம் இழந்து நிக்கும்போது, சுமந்து வந்த மண் அடியில் படிஞ்சிடும். 1964இல் தண்ணி தேங்க ஆரம்பிச்சுது. அடுத்த வருஷத்துல இருந்து பழைய வெள்ளம் கடலுக்குப் போகல.

1962இல் எகிப்தின் மத்தியதரைக் கடல் மீனவர்கள் பிடிச்ச மத்தி சுமார் 18,000 டன். 1960களின் கடைசியில் அது ஆயிரம் டன்னைக்கூட எட்டல. அணையோட திறப்பு விழா நடந்தது 1971 ஜனவரியில். விழாவுக்கு முன்னாடியே கடலோரத்துல ஒரு பிழைப்பு போயிடுச்சு.

அணையால லாபமே இல்லன்னு நான் சொல்ல வரல. 1980களில் எத்தியோப்பியாவில் கொடும் பஞ்சம் வந்தப்போ, எகிப்தைக் காப்பாத்தினது அந்த ஏரியில் இருந்த தண்ணிதான். மின்சாரம் வந்துச்சு, பாசனம் பெருகுச்சு. லாபம் நாடு முழுக்கப் பரவுச்சு; மீன்பிடி நஷ்டம் கடலோரத்துல சில ஊர்கள் மேல விழுந்துச்சு.

கதை அதோட முடியல. 1980களின் நடுவில் இருந்து மீன்பிடிப்பு திரும்ப ஏற ஆரம்பிச்சுது. வெள்ளம் திரும்பல. அப்போ கடலுக்குச் சாப்பாடு போட்டது யாரு? அமெரிக்கக் கடலியலாளர் ஸ்காட் நிக்சன் 2003இல் ஒரு பதிலை முன்வெச்சார்: வயல்ல கொட்டின ரசாயன உரமும், நகரங்களோட சாக்கடையும். 2009இல் வந்த ஓர் ஆய்வு, மீன்களோட உடம்பில் இருந்த நைட்ரஜனையே பரிசோதிச்சு இந்தக் கருத்துக்கு வலு சேர்த்துச்சு. மலை இலவசமா போட்ட சாப்பாட்டை, இப்போ உரத் தொழிற்சாலையும் சாக்கடையும் போடுது.

ஆனா சாக்கடையால மீனுக்குச் சத்து தர முடியும். கரைக்கு மண் தர முடியாது. நைலோட ஒரு கிளை கடல்ல கலக்கிற ரொசெட்டா முனையில், புது வண்டல் வராததால கடல் கரையை அரிச்சுக்கிட்டே உள்ள வந்துச்சு. கடைசியில் அங்கே சுவர் கட்ட வேண்டியதாச்சு. ஆறு ஆயிரக்கணக்கான வருஷமா சும்மா செஞ்ச வேலையை இப்போ கான்கிரீட் செய்யுது, அதுவும் அரைகுறையா.

இப்போ நீல நைல் மேல, எத்தியோப்பியாவிலேயே இன்னொரு பெரிய அணை வந்தாச்சு. யாருக்கு எவ்வளவு தண்ணி என்றுதான் நாடுகள் சண்டை போடுது. மண் யாருக்கு என்ற கேள்வி அந்தச் சண்டையில் பெருசா காதுல விழறதில்ல.

நம்ம காவிரியும் குடகு மலையில்தான் பிறக்குது. கொள்ளிடம் கடலைச் சேருற இடத்துக்குப் பக்கத்துல பழையாறுன்னு ஒரு மீன்பிடித் துறைமுகம் இருக்கு. அடுத்த முறை "வீணாக"ன்னு தலைப்பு வந்தா, அந்தச் சொல்லைப் பத்தி அந்த ஊர் என்ன சொல்லும்னு யோசிச்சுப் பாருங்க.